அவளிடம் யார் கேட்டார்கள்?

படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் நாம் கும்பிடுவது அம்மனின் சிரசை. கழுத்துக்குக் கீழே உருவம் கிடையாது. ஆடி வெள்ளிகளில் ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் கூட்டத்தில் பெண்களே மிகுதி. வேண்டுதல் உள்ளவர்கள் வேப்பிலையை ஆடையாகச் சுற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு பிராகாரத்தைச் சுற்றி வருவார்கள். அம்மன் ஏன் தலையாக மட்டும் இருக்கிறாள் என்பது அந்த வரிசையில் நிற்கும் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் கமண்டல நதியில், கணவரின் பூசைக்கு விடியலில் தண்ணீர் மொண்டு வருவது அவள் வேலை. குடம் வாங்கியதும் கிடையாது, சுட்டதும் கிடையாது. அன்றன்று ஆற்று மணலைப் பிசைந்து குடமாக்குவாள். அவளுடைய கற்பின் வலிமையில் அந்தப் பச்சை மணல் தண்ணீரைத் தாங்கும். ஒரு நாள் வானில் போன கந்தர்வனின் நிழல் தண்ணீரில் விழுந்தது. இப்படியும் ஒரு அழகா என்று ஒரு கணம் நினைத்தாள். குடம் கரைந்து போயிற்று. வெறுங்கையோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் முனிவர் தன் ஞானத்தால் நடந்ததை அறிந்துகொண்டார். மகனைக் கூப்பிட்டு, தாயை வெட்டு என்றார். பரசுராமன் வெட்டினான்.

இதை முக்கோணக் காதல் கதை என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு வேற்று ஆண் என்று மூன்று முனைகளும் இதில் இருக்கின்றன. மூன்றாவது முனையில் இருப்பவனுக்குத் தன்னை ஒருத்தி பார்த்தாள் என்பதே தெரியாது. சந்திப்பு இல்லை, பேச்சு இல்லை, போட்டி இல்லை. இருந்தது ஒரு பார்வை. அதற்கு ஒரு தலை விலையாயிற்று. இந்தக் கதையில் என்னை நெடுங்காலமாக உறுத்திக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. ஜமதக்னி ரேணுகையிடம் எதையும் கேட்கவில்லை. என்ன நடந்தது, ஏன் தாமதம், ஏன் கை வெறுமையாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்தவர் கேட்க மாட்டார்.

முக்கோணக் காதல் படங்களுக்கு நாம் ஒரே கேள்வியோடுதான் போய் உட்காருகிறோம்: அவள் யாருக்குக் கிடைப்பாள்? ஹாலிவுட் படமானாலும் கோடம்பாக்கத்துப் படமானாலும் இதுதான். இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கதையில் யாராவது அவளிடம் கேட்டார்களா? கேட்டவர், அவள் சொல்லி முடிக்கும்வரை இருந்தாரா? இந்த ஒரு அளவுகோலை வைத்தாலே, காதல் போட்டியைப் பற்றி வந்த படங்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்துவிடுகின்றன.

*

மகாபாரதத்தின் வனபருவத்திலும் ரேணுகை வருகிறாள். அங்கே குடமும் இல்லை, கந்தர்வனும் இல்லை. சித்திரரதன் என்ற அரசன் தன் மனைவியரோடு நீராடுவதைப் பார்த்து அவள் மனம் கலங்குகிறது. ஜமதக்னி மூத்த மகன்கள் நால்வரையும் ஒருவர்பின் ஒருவராகக் கூப்பிட்டுத் தாயைக் கொல்லச் சொல்கிறார். நால்வருமே கொல்லவில்லை. அதற்காக அறிவிழந்து விலங்குகளைப் போலத் திரியும்படி சாபம் பெற்றார்கள். ஐந்தாமவன் கோடரியை எடுத்தான். தந்தை மகிழ்ந்து வரம் தந்தபோது, தாய் உயிரோடு எழ வேண்டும், கொல்லப்பட்டது அவள் நினைவில் இருக்கக் கூடாது, அந்தப் பாவம் தன்னைத் தீண்டக் கூடாது, அண்ணன்மார் பழையபடி ஆக வேண்டும் என்று கேட்டான்.

இரண்டாவது வரத்தைக் கவனியுங்கள். தாய்க்கு உயிர் வேண்டும், நினைவு வேண்டாம். வெட்டியது மறந்துபோனால் வெட்டியவனுக்கும் வெட்டச் சொன்னவருக்கும் வசதி. தண்ணீரில் பார்த்த காட்சி அவள் மனதில் மிச்சம் இருந்ததா என்று கதை சொல்லவில்லை. அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. தமிழ்நாட்டு வழக்கில் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொள்கிறது. உயிருக்குப் பயந்து ஓடிய ரேணுகை சேரியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டாள். மகன் இருவரையும் சேர்த்தே வெட்டினான். உயிர்ப்பிக்கும்போது அவசரத்தில் தலைகள் மாறிப் பொருந்தின. அடைக்கலம் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத அந்தப் பெண்ணுக்குப் பல வழக்குகளில் பெயர்கூடக் கிடையாது. ரேணுகைக்காகவாவது, அவளிடம் யாரும் கேட்கவில்லையே என்று நாம் வருந்துகிறோம். இவளை நினைப்பதற்கே ஆள் இல்லை.

தலை மாறிய இந்தக் கதையை மேற்கும் கேட்டிருக்கிறது. பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1782இல் வெளியிட்ட பயண நூலில் இதை எழுதிவைத்தார். அதைப் படித்த ஜெர்மானியக் கவி கதே பல ஆண்டுகள் மனதில் வைத்திருந்து, முதுமையில் 'பறையன்' என்ற மூன்று பகுதிக் கவிதையாக்கி 1824இல் வெளியிட்டார். அதில் ஒரு பெரிய மாற்றம் உண்டு. பிராமணத்தியின் தலையும் மரண தண்டனை பெற்ற வேறொரு பெண்ணின் உடலுமாக எழுந்து நிற்கும் அந்தத் தெய்வம் நெடுநேரம் பேசுகிறது. படைத்தவனிடமே போய் நியாயம் பேசுவேன் என்கிறது. நம் கதையில் வெட்டுப்பட்டு எழுந்தவளுக்கு வாய் கிடைத்தது ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வேறொரு மொழியில்.

1940இல் தாமஸ் மன் 'மாறிய தலைகள்' எழுதினார். அதற்கு மூலம் வேதாளம் சொன்ன கதை. கிரீஷ் கர்னாட் அதை எடுத்து 'ஹயவதனா' ஆக்கினார். கணவன் அறிவாளி, கணவனின் நண்பன் உடல்வலிமை உள்ளவன், இருவரையும் விரும்பும் மனைவி. வெட்டுண்ட தலைகளை அவள் கையாலேயே மாற்றி ஒட்டுகிறாள். தலை மாற்றக் கதை என்பதே அடி ஆழத்தில் முக்கோணக் காதல் கதைதான் என்பதை இந்த இருவரும் கண்டுகொண்டார்கள். ஆனால் இரண்டிலும் ஆண்கள் ஒருவரையொருவர் வெட்டி மாய்கிறார்கள், பெண் தீக்குளிக்கிறாள். அவளுக்கு இரண்டு பேரும் வேண்டியிருந்தது என்பதை வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும் வழி கதையில் இல்லை.

*

ரெனே ஜிரார் என்ற பிரெஞ்சு விமர்சகர் 1961இல் எழுதிய நூலில், ஆசையே முக்கோண வடிவம் கொண்டது என்றார். நாம் ஒன்றை நேரடியாக விரும்புவதில்லை. இன்னொருவர் விரும்புவதைப் பார்த்துத்தான் விரும்புகிறோம். அதனால் நமக்கு வழிகாட்டியே நமக்குப் போட்டியாளனும் ஆகிறான். போட்டி முற்ற முற்ற, விரும்பிய பொருள் மறந்துபோய் எதிரி மட்டும் கண்முன் நிற்கிறான். இரண்டு நாயகர்கள் ஒருத்திக்காக மோதும் படங்களில் அவளுக்கு வசனமே இல்லாமல் போவது இதனால்தான். அவர்களுடைய கவனம் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் இருக்கிறது.

அடுத்த ஆண்டே, 1962இல், த்ரூஃபோவின் 'ஜூல் எ ஜிம்' வந்தது. முக்கோணக் காதல் என்றதும் உலகமெங்கும் நினைவுக்கு வரும் படம். இரண்டு நண்பர்கள். ஒரு பழைய சிலையின் புன்னகையைப் புகைப்படத்தில் பார்த்து, அதைக் காண்பதற்கென்றே ஒரு தீவுக்குப் போய் வருகிறார்கள். இப்படி ஒரு முகத்தை எங்கு பார்த்தாலும் பின்னால் போய்விடுவோம் என்று பேசிக்கொள்கிறார்கள். பிறகு காத்தரீன் வருகிறாள். அதே புன்னகை. அவள் வாய் திறப்பதற்கு முன்பே, சிலைக்குச் சொந்தமான முகத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் படத்தில் ஒரு இரவுக் காட்சி இருக்கிறது. மூவரும் ஸ்ட்ரிண்ட்பெர்க் நாடகம் ஒன்று பார்த்துவிட்டு ஸேன் நதிக்கரையில் நடந்து வருகிறார்கள். ஜூல் பெண்கள் இப்படிப்பட்டவர்கள், அப்படிப்பட்டவர்கள் என்று கவிஞர்களை மேற்கோள் காட்டிப் பேசிக்கொண்டே போகிறான். ஜிம் கேட்டுக்கொண்டு வருகிறான். காத்தரீன் பக்கத்தில்தான் இருக்கிறாள். அவளைப் பற்றிய பேச்சில் அவளுக்கு இடமில்லை. முகத்திரையை விலக்குகிறாள், கரைச்சுவரில் ஏறுகிறாள், ஆற்றில் குதித்துவிடுகிறாள். பேச்சு அத்தோடு நிற்கிறது. நண்பர்கள் பதறுகிறார்கள். ஈரத்தோடு கரையேறும் அவள் முகத்தில் வெற்றி இருக்கிறது. கேட்காத இடத்தில் பேசுவதற்கு அவள் கண்டுபிடித்த மொழி அதுதான். படத்தின் முடிவில் ஜிம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு, இடிந்த பாலத்திலிருந்து ஆற்றுக்குள் ஓட்டுகிறாளே, அதுவும் அதே மொழிதான். முதல் குதியை அவர்கள் சரியாகப் படித்திருந்தால் இரண்டாவது நேர்ந்திருக்காது என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தோன்றுகிறது.

'காஸாபிளாங்கா'வை எடுத்துக்கொள்வோம். 1942ஆம் ஆண்டுப் படம். தியாகத்தின் உச்சம் என்று எண்பது ஆண்டுகளாகக் கொண்டாடுகிறோம். நானும் அந்த விமானநிலையக் காட்சியில் தொண்டை அடைக்க உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அங்கே நடப்பது என்ன? முந்தின இரவு, திருமணமான இல்ஸா களைத்துப்போய், இனி நீங்களே நமக்காக யோசியுங்கள் என்று பழைய காதலன் ரிக்கிடம் சொல்கிறாள். அவன் யோசிக்கிறான். என்ன முடிவெடுத்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. பனிமூட்டத்தில் விமானம் தயாராக நிற்கும்போது, பயண அனுமதிக் கடிதத்தில் அவள் பெயரும் கணவன் பெயரும் எழுதப்படுவதைக் கேட்டுத்தான் தன் வாழ்க்கை எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரிகிறது. அதோடு முடியவில்லை. நேற்றிரவு உங்கள் மனைவி என்னிடம் வந்தாள், கடிதத்துக்காகக் காதலிப்பதுபோல் நடித்தாள், அவ்வளவுதான் என்று ரிக் கணவனிடம் சொல்கிறான். கணவன் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம். அவளுடைய காதல் நடிப்பாக்கப்படுகிறது, அதுவும் அவள் கண்ணெதிரே. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் மதித்துப் பிரிகிறார்கள். அவள் விமானத்தில் ஏறுகிறாள்.

கதாசிரியர்கள் வேறுமாதிரி முடித்திருக்கவும் முடியாது. 1934இலிருந்து ஹாலிவுட்டில் ஒழுக்க விதித்தொகுப்பு கடுமையாக அமலில் இருந்தது. திருமணத்தின் புனிதத்தைக் குலைக்கும் முடிவுக்கு அனுமதி கிடைக்காது. கணவன் உயிரோடு இருக்கும்போது மனைவி காதலனோடு போவதாகப் படம் முடிந்தால் அது திரைக்கே வந்திருக்காது. முனிவரின் இடத்தில் ஓர் அலுவலகம் உட்கார்ந்திருந்தது. அதுவும் பெண்ணிடம் எதையும் கேட்கவில்லை.

*

ஊர்ப் பேச்சுக்குப் பயந்த அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து வேறு மாதிரி ஒரு படம் வந்தது. டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுன்டர்', 1945. லாரா என்ற நடுத்தர வயதுக் குடும்பப் பெண். வியாழன்தோறும் டவுனுக்கு ரயிலேறிப் போய்ச் சாமான் வாங்கி, ஒரு சினிமா பார்த்துவிட்டுத் திரும்புவாள். ஒரு நாள் ஸ்டேஷனில் கண்ணில் கரித்தூள் விழுகிறது. ஒரு மருத்துவர் எடுத்துவிடுகிறார். அவருக்கும் குடும்பம் உண்டு. சில வியாழக்கிழமைகளில் இருவரும் காதலில் விழுகிறார்கள். தங்கள் காதலை வாழ்ந்துபார்க்க அவர்களுக்கு இடமும் இல்லை, துணிவும் இல்லை. அவர் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார். இவள் வீட்டுக்குப் போகிறாள்.

படத்தின் தொடக்கத்திலேயே அந்தக் கடைசிச் சந்திப்பு வந்துவிடுகிறது. ஸ்டேஷன் டீக்கடையில் ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். லாராவுக்குத் தெரிந்த ஒரு வாயாடி அம்மாள் வந்து அந்த மேசையிலேயே உட்கார்ந்து ஓயாமல் பேசுகிறாள். ரயில் வருகிறது. அவர் எழுந்து, லாராவின் தோளில் ஒரு நொடி கைவைத்து அழுத்திவிட்டுப் போகிறார். நமக்கு ஒன்றும் புரியவில்லை; யாரோ தெரிந்தவர் விடைபெற்றார் என்று இருந்துவிடுகிறோம். படத்தின் முடிவில் அதே காட்சி மறுபடியும் வருகிறது. அதே மேசை, அதே வாயாடி, தோளில் அதே கை. இப்போது நாம் லாராவுக்குள் இருக்கிறோம். அந்தக் கை எதற்கெல்லாம் பதிலாக வைக்கப்பட்டது என்று தெரிகிறது. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லவேண்டியதைச் சொல்லவிடாமல் அந்த அம்மாள் கொன்றுவிட்டாள் என்று தெரிகிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை வெளியே இருந்து பார்ப்பதற்கும் அவள் சொல்லக் கேட்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

முழுப் படமும் லாரா மனதுக்குள் கணவனிடம் சொல்லும் வாக்குமூலம். அவன் எதிரே நாற்காலியில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருக்கிறான். உங்களிடம்தான் சொல்ல வேண்டும், உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியாது என்று அவள் உள்ளுக்குள் தவிக்கிறாள். கடைசியில் அவன் எழுந்து வந்து பக்கத்தில் மண்டியிடுகிறான். நீ கண்ட கனவு நல்ல கனவாகத் தெரியவில்லை, எங்கோ வெகுதூரம் போயிருந்தாய், திரும்பி வந்ததற்கு நன்றி என்கிற பொருளில் ஏதோ சொல்கிறான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் படம் சொல்லவில்லை. தெரிந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் இருக்கிறானே, அதுதான் அவனை ஜமதக்னியிலிருந்து பிரிக்கிறது. லாரா எதையும் மறக்க வேண்டியதில்லை. அவள் நினைவு அவளிடமே இருக்கிறது.

*

'ஜூல் எ ஜிம்' வந்த அதே 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தது. ஒரே மருத்துவமனைக்குள் நடக்கும் கதை. புற்றுநோயாளியான கணவன், உடனிருக்கும் மனைவி சீதா, அவளை முன்பு காதலித்த மருத்துவர். கணவன் உண்மை அறிந்ததும், நான் இறந்தால் நீ இவரையே மணந்துகொள் என்கிறான். பெருந்தன்மைதான். ஆனால் அதுவும் கேள்வி அல்ல, ஏற்பாடு. சீதாவாக நடித்த தேவிகா அந்த இடத்தில் வெடித்து, இதை நீங்களா சொல்வது என்று பாட்டாலேயே எதிர்த்துக் கேட்கிறார். தமிழ்ப் படத்தில் ஒரு மனைவி கணவனின் தியாகத்தையே குற்றமாகப் பார்த்து வாதிட்ட அபூர்வமான கணம் அது. ஆனால் படம் அதைத் தாங்கிக்கொள்ளவில்லை. நோயாளி பிழைக்கிறார், மருத்துவர் இறக்கிறார். முனை ஒன்று உதிர்ந்ததும் கணக்கு சரியாகிவிடுகிறது.

பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) ஒரு படி மேலே போனது. கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட வசந்தி முதலிரவிலேயே சாக முயல்கிறாள். காப்பாற்றிய கணவன் டாக்டர் ஆனந்த் கோபப்படவில்லை. உட்கார்ந்து கேட்கிறான். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, காதலனைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பதாக வாக்குக் கொடுக்கிறான். சொன்னபடியே செய்கிறான். ராஜேஷ் நடித்த அந்தக் கணவன் பாத்திரத்துக்குத் தமிழ் சினிமா பட்டிருக்கும் கடன் பெரியது. ஆனால் கடைசித் தீர்ப்பைக் காதலன் சொல்கிறான், தாலியை முன்னிறுத்தி. தொடங்கிவைத்த கேள்வியைப் படம் வசந்தியிடம் கொண்டுபோய் முடிக்கவில்லை. அரங்கம் கைதட்டியது அந்தத் தீர்ப்புக்குத்தான் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

'மௌன ராகம்' (1986) படத்தில் சந்திரகுமார் புதுமனைவியிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறான். விவாகரத்து வேண்டும் என்கிறாள் திவ்யா. கேட்டதற்குக் கிடைத்த பதில் அவனைக் காயப்படுத்துகிறது. ஆனாலும் அவளோடு வழக்கறிஞரிடம் போகிறான். பழைய காதலன் மனோகரைப் பற்றி அவள் சொல்லும் நினைவுகளுக்குப் படம் நீண்ட நேரம் இடம் கொடுக்கிறது. 'காதல்' (2004) படத்தின் கணவன் இன்னும் ஒரு படி போகிறான். காதலித்து மணந்தவனிடமிருந்து அவளை அவள் சாதிக்காரர்கள் அடித்துப் பிரித்து இவனுக்குக் கட்டிவைத்திருந்தார்கள். மனநிலை பிறழ்ந்து தெருவில் திரியும் அவளுடைய பழைய கணவனைப் பார்த்து அவள் கதறியதும், அவனையும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்கிறான். ஆனால் இந்தப் படம் வேறொன்றையும் சொல்லிவிட்டது. நம் ஊர்களில் மூன்றாவது முனையில் நிற்பது பல நேரம் இன்னொரு காதலன் இல்லை, சாதி. அது எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறது. அது பெண்ணிடம் கேட்பதே இல்லை.

*

கேட்டால் என்ன ஆகும் என்று காட்டும் பழைய கதை ஒன்றும் இதே மண்ணில் நடமாடுகிறது. போளூர், ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் கோடை வந்தால் சுவரெல்லாம் மகாபாரத அக்னி வசந்த விழாச் சுவரொட்டி. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலெல்லாம் பாரதச் சொற்பொழிவு, இரவெல்லாம் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். அங்கே படிக்கப்படும் வில்லிபாரதத்தில் பழம் பொருந்து சருக்கம் என்று ஒரு பகுதி உண்டு. வனவாசத்தில் திரௌபதி ஆசைப்பட்டாள் என்று அருச்சுனன் ஒரு கனியை மரத்திலிருந்து வீழ்த்திவிடுகிறான். அது ஒரு தவமுனிவரின் உணவு. அவர் சாபத்துக்கு அஞ்சிக் கண்ணனை அழைக்கிறார்கள். அவரவர் நெஞ்சில் உள்ள உண்மையைச் சொல்லுங்கள், கனி மறுபடி கிளையில் போய் ஒட்டிக்கொள்ளும் என்கிறான் கண்ணன். ஐவரும் சொல்கிறார்கள். பிறகு திரௌபதியின் முறை. ஐந்து கணவர்கள் இருந்தும் இன்னொருவனுக்காகவும் என் உள்ளம் உருகுகிறது என்று ஐவர் முன்னிலையிலும் சொல்கிறாள். பெயர் சொல்லவில்லை. அது கர்ணன்தான் என்பது ஊர்ப்பேச்சு.

வாளை யாரும் எடுக்கவில்லை. கனி கிளையில் பொருந்துகிறது. ரேணுகை ஒரு நிழலைப் பார்த்து ஒரு கணம் மயங்கினாள். இவளோ நிலையான ஆசையையே வாய்விட்டுச் சொல்கிறாள். இருவரும் கற்பரசிகள் என்றே கும்பிடப்படுகிறார்கள். வேறுபாடு பெண்களிடம் இல்லை. இங்கே கேட்பதற்கு ஒருவன் இருந்தான், கேட்டதைத் தாங்க ஐந்து பேர் இருந்தார்கள். அவள் சொன்ன உண்மை குடும்பத்தைக் குலைக்கவில்லை, சாபத்திலிருந்து காப்பாற்றியது. இவ்வளவு துணிவான ஒன்றைப் பல நூறு ஆண்டுகளாகக் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டுவரும் நமக்கு, வீட்டுக்குள் அந்தத் துணிவு ஏன் வரவில்லை என்பதை யோசிக்க வேண்டும்.

2023இல் வந்த 'பாஸ்ட் லைவ்ஸ்' படத்தைப் பார்த்தபோது எனக்குத் திரௌபதியின் அந்தச் சபை நினைவுக்கு வந்தது. கொரியாவில் பிறந்து நியூயார்க்கில் எழுத்தாளராக வாழும் நோரா, அவளுடைய அமெரிக்கக் கணவன் ஆர்தர், பள்ளிப் பருவத்தில் அவளை நேசித்துப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்க வந்த ஹே சங். மூவரும் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருப்பதுதான் தொடக்கக் காட்சி. எதிரே முகம் தெரியாத யாரோ, இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவாக இருக்கும் என்று ஊகித்து விளையாடுகிறார்கள். பின்னால் அதே காட்சிக்குப் படம் திரும்பி வருகிறது, இப்போது உள்ளிருந்து. லாராவின் டீக்கடை மேசை போலவே.

ஆர்தர் ஒரு இரவு படுக்கையில் சொல்கிறான்: நீ தூக்கத்தில் கொரிய மொழியில்தான் பேசுகிறாய். உனக்குள் நான் போக முடியாத ஓர் இடம் இருக்கிறது. அதனால்தான் நான் அந்த மொழியைக் கற்க முயல்கிறேன். அவனுக்குப் பொறாமை இல்லை என்று படம் பொய் சொல்லவில்லை. பயமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தைக் கையில் ஆயுதமாக எடுக்காமல், மனைவி கனவில் பேசும் மொழிக்கு அரிச்சுவடி வாங்குகிறான். முக்கோணக் கதையில் கணவன் என்ற பாத்திரம் எட்டக்கூடிய உயரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சினிமா ரசனைக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருதலைக் காதல் என்று தலைப்பிட்டு வரும் கொலைச் செய்திகளையும், சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்றவர்களே கொன்ற செய்திகளையும் நாம் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கிடைக்காதவள் யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று நினைப்பவனும், குலமானம் போயிற்று என்று நினைப்பவனும் ஒரே நோயில் இருக்கிறார்கள். இருவருமே அவள் மனதில் இருப்பது தமக்குத் தெரியும் என்று நம்புகிறவர்கள். அவள் விடாப்பிடியாக மறுத்தாலும் அது சம்மதம்தான் என்று காட்டிய நூற்றுக்கணக்கான பாடல் காட்சிகளுக்கும் போட்டியில் ஜெயித்தவனே காதலன் என்று காட்டிய படங்களுக்கும் இந்த நம்பிக்கையை வளர்த்ததில் பங்கு உண்டு.

போட்டியைப் படமாக்குவது எளிது. இரண்டு ஆண்கள், ஒரு சண்டை, மழை, பின்னணி இசை போதும். ஒருத்தி சொல்வதை ஒருவன் உட்கார்ந்து கேட்பதைப் படமாக்க நல்ல எழுத்து வேண்டும், பொறுமையான கேமரா வேண்டும், கேட்கிற முகத்தில் வலியையும் மரியாதையையும் சேர்த்துக் காட்டத் தெரிந்த நடிகன் வேண்டும். இது முடியும் என்பதற்கு இங்கும் வெளியிலும் சில படங்கள் சாட்சியாக இருக்கின்றன. ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளில் குழித்தறி ஓடும்போதும் தார் சுற்றும்போதும் டிவி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு எந்தப் படம் போகிறது என்பது சின்ன விஷயமில்லை. பெரியவர்கள் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். படம் முடிந்ததும் யார் ஜெயித்தார்கள் என்ற பேச்சை விட்டுவிட்டு, அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள் என்று மகளிடமும் மகனிடமும் கேட்கலாம். அவர்கள் சொல்லும் பதில் நமக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். அதையும் கடைசிவரை கேட்க வேண்டும்.